தகடூர்த் தீவழக்கும் தண்டநீதியும்

கொலை செய்தாரை அரசன் கொலையால் ஒறுத்தல் நம் நூல்களுக்கு உடன்பாடோ என்னும் வினா பழையது. நூலளவில் நிற்குங்கால் எளிதாய்த் தோன்றும் இவ்வினா, நாடறிந்த வழக்கொன்றின்மேல் வைத்து நோக்குங்கால் அரிதாய்விடுகின்றது. அத்தகைய வழக்கொன்று, பண்டு அதியமான் மரபினர் இருந்தாண்ட தகடூராகிய தருமபுரியில் நிகழ்ந்தது.

2000-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 2-ஆம் நாள், கொடைக்கானல் விடுதி வழக்கில் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களுக்குச் சென்னைத் தனிநீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்தது. (அத்தீர்ப்பு 2001-இல் உயர்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.) அன்றே கட்சியினர் பலவிடத்தும் மறியல் செய்தனர். தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலாவில் வந்த கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்தினுள் பெட்ரோல் தெளித்துத் தீயிட்டனர் சிலர். இறங்க இயலாத மாணவியர் மூவர் எரிந்து மாண்டனர். கட்சிப்பூசலுக்கும் அம்மூவர்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

திருக்குறளில் செங்கோன்மை அதிகாரம், கொலையிற் கொடியாரை வேந்தன் ஒறுத்தலைப் பயிர் காக்கக் களை பறித்தலோடு ஒப்பிடும். கொடியார் இன்னாரென விரிக்கப் புகுந்த பரிமேலழகர், நஞ்சிடுவாரையும் ஆறலைப்பாரையும் சொல்லுதற்கு முன்னே தீக்கொளுவுவாரைத்தான் வைத்தார். வடநூலார் இவரை ஆததாயிகள் என்பர் என்றும் காட்டினார். ஆகலின், நூல்நெறி நோக்குவார்க்கு இவ்வழக்கு ஐயத்திற்கிடமின்றி முடியும் போலும். முடிந்ததோ எனின், இல்லை.

வழக்கு முதற்கண் கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் நடந்தது. 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில், எதிரிகள் சார்ந்த கட்சியே ஆட்சிக்கு வந்தது. சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராகப் பிறழ்ந்தனர். இந்நிலையில், இறந்த மாணவியர் ஒருவரின் தந்தையார் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். அம்மன்றம் வழக்கைச் சேலத்திற்கு மாற்றிப் புதிதாய் விசாரிக்கப் பணித்தது. இதனைப் படிக்குங்கால் சேக்கிழார் பெருமான் திருநகரச் சிறப்பில் வைத்த வரலாறு நினைவிற்கு வாராமற் போகாது. தேர்க்காலிற் கன்றை இழந்த பசு திருவாரூர் அரண்மனை வாயிலின் மணியை அசைத்தது. ஆண்டு மன்னவன் மகனே எதிரி. அமைச்சர் கழுவாய் சொல்லினர்; பிறன் ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்லும் தான், தன் மகன் செய்தவிடத்துக் கழுவாய் தேடுவதோ என மன்னவன் மறுத்தான். தேர்செலுத்தப் பணிக்கப்பெற்ற அமைச்சன் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள, மன்னவன் தானே செலுத்தினான். வேண்டாது நேர்ந்த உயிர்க்கேட்டிற்கு இத்துணைத் தண்டம் மிகையன்றோ எனக் கேட்பார் உளர். தண்டத்தின் அளவு அன்று அவ்வரலாற்றின் உயிர்நிலை. தன்னவர், பிறர் என்னும் வேறுபாட்டை நீதி அறியாதென்பதே. கிருஷ்ணகிரியில் நலிந்தது இதுவே. பின்னர் வந்த தண்டனைக் குறைப்பினும் இதனையே பெருங்குறையாகக் கொள்ளல் தகும்.

2007 பெப்ருவரியில் சேலம் நீதிமன்றம் மூவர்க்குத் தூக்கும், இருபத்தைவர்க்கு ஏழாண்டிற்கு மேற்பட்ட சிறையும் விதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றமும், 2010 ஆகஸ்டு 30-இல் உச்சநீதிமன்றமும் தூக்கை உறுதிசெய்தன. மரணதண்டனை பற்றிய மறுஆய்வு மனுக்களை மூன்று நீதிபதிகள் வெளிப்படையாக அமர்ந்து கேட்டல் வேண்டும் என 2014-இல் உச்சநீதிமன்றம் வகுத்த நெறிப்படி, இவ்வழக்கு மீண்டும் கேட்கப்பட்டது. 2016 மார்ச்சில் தூக்கு வாழ்நாட் சிறையாகக் குறைந்தது. கூட்டவெறியில் நிகழ்ந்தது, மாணவியரிடத்துப் பகையில்லை, கொல்லுதற்கு முன்னரே எண்ணியதுமில்லை என்பன காரணங்கள்.

கருத்து நோக்கித் தண்டம் வேறுபடுதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. சோழர் காலத்துச் சிவாலயக் கல்வெட்டுக்கள் சிலவற்றில், விலங்கின்மேல் எய்த அம்பு தவறி மனிதன்மேற் பட்டு அவன் இறந்தானாக, எய்தவன் சாக வேண்டா, திருக்கோயிலில் நந்தாவிளக்கு எரிக்கக் கடவன் என ஊரவரும் நாட்டவரும் கூடி முடித்த செய்தி காணப்படுகின்றது. ஒரு விளக்கிற்குச் சாவா மூவாப் பேராடு 96 விடுதல் அக்காலப் பெருவழக்கு. இறந்தவன் பெயரால் நாள்தோறும் நெய்யெரிய வேண்டும். ஆட்டுமந்தை குறையாமற் காக்கவும் வேண்டும். எளிய தண்டம் அன்று அது.

ஆயினும், அக்கல்வெட்டுக்களை இவ்வழக்கிற்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. அம்பெய்தவன் ஆண்டு மனிதன் உளன் என அறிந்திலன். இலக்கியம்பட்டியில் பேருந்தினுள் மாணவியர் இருந்தமை கண்கூடு. பகையின்மை கொலைக்கருத்தின்மையைக் காட்டலாம், அறியாமையைக் காட்டாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாகலின் தூக்கும் நந்தாவிளக்கும் அன்றி, வாழ்நாட் சிறை பொருந்தும் எனல் நேரிது.

இனிச் சித்தாந்தம் கூறுவது யாதெனின், சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியர், அரசன் ஒறுப்பதும் ஈசன் அருள்வழியே என்றும், அதனால் பாவந் தீர்ந்து பின்பு நெறிவழி நடப்பார் நிரயஞ் சேரார் என்றும் அருளினார். மைந்தரைத் தாய்தந்தையர் அடித்துத் திருத்தும் மறக்கருணையை ஓதிய அச்சூத்திரத்திலேயே இதுவும் வருகின்றது. பின்பு நடத்தல் என்றமையால், ஒறுக்கப்பட்டவன் உயிரோடிருத்தலும் திருந்துதலும் கருதப்பட்டன. தூக்கிடுதலை அச்செய்யுள் விலக்கிற்று என்பார்க்கு இஃது இடந்தாராது. அதன் முழுப்பயன் திருந்தினார்க்கே உரித்தென்பது மட்டும் பெறப்படும்.

2018 நவம்பரில், எம். ஜி. ஆர். நூற்றாண்டை ஒட்டிய தண்டனைக் குறைப்பின்கீழ் மூவரும் வேலூர்ச் சிறையினின்றும் விடுவிக்கப்பட்டனர். நீதிமன்றம் கருத்து நோக்கிக் குறைத்தது தண்டத்தின் கூறேயாம். விழா நோக்கிக் குறைத்தது அத்தகையதன்று. அதில் உயிர் திருந்தியதோ என்னும் ஆராய்ச்சிக்கு முதலிடம் இல்லை. ஆகலின், சித்தியார் சொன்ன தீர்வு இவ்விரண்டாவது குறைப்பிற்குச் செல்லாது. அதனால் விடுபட்ட பகுதி ஒறுக்கப்பட்டார் கணக்கில் நுகராவினையாகவே நிற்கும்.