பார்லிக் கணக்கும் பாக்கி நாட்களும்

அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு கோடையில், பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் தொடக்க கால உலக வரலாறு படிக்கச் சேர்ந்தேன். கோடை வகுப்பு என்றால் ஒரே ஓட்டம். கற்காலத்தில் ஏறினால் 1500-இல்தான் இறக்கிவிடுவார்கள். மெசபடோமியாவுக்குக் கிடைத்தது ஒரு மாலை. ஆசிரியை கெட்டிக்காரப் பெண். உருக் நகரத்தைத் தொட்டும் தொடாமலும் ஹமுராபியின் சட்டத்துக்குப் போய்விட்டார். கண்ணுக்குக் கண் நியாயமா என்று பிள்ளைகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் முந்தைய பக்கத்தில் இருந்த களிமண் பலகையின் படத்தை விட்டு நகரவில்லை. கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவன் நான். முன்பக்கம் தனித்தனி இனங்கள், பின்பக்கம் கூட்டுத்தொகை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மிச்சத்தைக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

தெற்கு இராக்கில் உள்ள உருக்கில் ஜெர்மானியர்கள் தோண்டி எடுத்த பலகைகளும் துண்டுகளும் சுமார் 5,000. காலம் ஏறக்குறைய கி.மு. 3300 முதல் 3000 வரை. உலகின் மிகப் பழைய எழுத்துகளில் இவையும் சேர்த்தி. ஆனால் கதை இல்லை, பாட்டு இல்லை, அரசன் புகழ் இல்லை. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வரவு செலவு. மற்றவை எழுதப் பழகுவோருக்கான சொற்பட்டியல்கள். கோயில் வளாகத்தில் புதுக் கட்டடத்துக்காகத் தூர்த்த மண்ணோடு குப்பையாகக் கிடந்தன. வேலை முடிந்த கணக்கு. யாரும் காப்பாற்ற நினைக்கவில்லை.

அந்த எண்கள் எளிதில் பிடிபடுகிறவை அல்ல. ஆடுகளை எண்ணும்போது ஒரு வட்டக் குறிக்குப் பத்து என்று பொருள். பார்லி அளக்கும்போது அதே வட்டம் சின்னக் குறியைப் போல் ஆறு மடங்குதான். நிலத்துக்கு இன்னொரு கணக்கு. இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட முறைகள். யோரன் ஃப்ரிபெர்க் 1970-களின் கடைசியில் தொடங்கிவைக்க, பெர்லினில் பீட்டர் டாமெரோவும் ராபர்ட் இங்லண்டும் இந்த முடிச்சுகளை அவிழ்த்தார்கள். நெல்லுக்கு 12 மரக்கால் ஒரு கலம் என்று கேட்டு வளர்ந்த எனக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த பையன்தான் எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிவிட்டு முழித்தான்.

ஒரு பலகையில் 29,086 அளவை பார்லி, 37 மாதம், குஷிம் என்று இருக்கிறது. குஷிம் ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று இன்னும் பேச்சு நடக்கிறது. 37 மாதம் என்பதை மூன்று ஆண்டும் ஓர் அதிக மாதமும் என்று கொள்கிறார்கள். மதுவடிக்கும் சாலைக்குப் போன தானியமாம். எழுத்தில் பதிந்த முதல் பெயர்களில் ஒன்று ஒரு பண்டகசாலைக் கணக்கில் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்தை இறக்கி வைத்தது அதற்கு ஆயிரம் ஆண்டு கழித்து வந்த கணக்கு. கி.மு. 2100 முதல் 2000 வரை, உர் நகரத்தின் மூன்றாம் அரச மரபு. அந்த ஒரு நூற்றாண்டுப் பலகைகள் மட்டும் பல்லாயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பாடப்புத்தகமோ ஒரு படிக்கோபுரத்தின் படத்தைப் போட்டு அந்த ஆட்சியை முடித்துவிடுகிறது.

உம்மா என்ற நகரத்தில் மாவரைக்கும் பெண்களுக்கு ஒரு மேஸ்திரி. அவன் பேரில் ஆண்டுக் கணக்கு. முதல் வரியில் போன ஆண்டின் பாக்கி. அதன் கீழ் இந்த ஆண்டு அவன் தர வேண்டிய வேலை: இத்தனை பெண்கள், மாதம் 30 நாள், 12 மாதம். நிலா எப்படித் தேய்ந்தாலும் கணக்கில் ஆண்டுக்கு 360 நாள்தான். எதிர்ப்பக்கம் அரைத்த மாவு, தோண்டிய வாய்க்கால், சுமந்த நாணல். எல்லாம் பெண்-நாட்களாக மாற்றப்படும். இரண்டையும் கழித்தால் அநேகமாகப் பாக்கிதான் நிற்கும். அது அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்படும். அந்தப் பெண்ணுக்கு மாதக் கூலி 30 சிலா பார்லி, ஏறக்குறைய 30 லிட்டர். ஆணுக்கு அதில் இரட்டிப்பு.

மேஸ்திரி செத்தாலும் பாக்கி தள்ளுபடி ஆவதில்லை. அவன் வீட்டையும் வீட்டு மனிதர்களையும் பிடித்து ஈடுகட்டினார்கள் என்று இங்லண்ட் எழுதுகிறார். கணக்கு எழுத்தில் குறை சொல்ல இடமில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற நியமத்தை வைத்தவன் யார், அதை எட்ட முடியுமா என்றுதான் தணிக்கைக்குப் போனவன் முதலில் கேட்டிருக்க வேண்டும். அப்படி எவனாவது கேட்டானா!

இந்த வித்தையைப் பையன்கள் எங்கே படித்தார்கள் என்றால், இன்னும் சில நூற்றாண்டு கழித்து நிப்பூரில் ஒரு சின்ன வீட்டில் விடை இருக்கிறது. 1951-52-இல் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயிற்சிப் பலகைகள் கிடைத்தன. பழையவற்றை நனைத்துப் பிசைந்து மறுபடி எழுதத் தொட்டிகூட உண்டு. முதலில் ஆப்புக் கோடுகள், அப்புறம் பெயர்கள், மரச்சாமான் பட்டியல், பெருக்கல் வாய்பாடு, மாதிரிப் பத்திரங்கள்; கில்கமேஷ் கதையெல்லாம் அதற்குப் பின்தான். அதுவும் அப்போது வீட்டில் யாரும் பேசாத சுமேரிய மொழியில். இன்று நாம் கொண்டாடும் சுமேரிய இலக்கியத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வீட்டுப்பாடம்தான்.

மாணவர்கள் நகலெடுத்த கதை ஒன்றை சாமுவேல் நோவா கிராமர் 1949-இல் பல துண்டுகளைச் சேர்த்து வெளியிட்டார். ஒரு பையன் பேசினால் அடி, எழுந்தால் அடி, கையெழுத்து மோசமென்றும் அடி. தாங்க முடியாமல், வாத்தியாரை வீட்டுக்கு அழைத்துக் கவனிக்கும்படி அப்பாவிடம் அவனே யோசனை சொல்கிறான். விருந்து நடக்கிறது. புதுத் துணி போர்த்தி, கையில் மோதிரமும் போட்டதும், இவனைப் போல மாணவன் உண்டா என்று வாத்தியார் வாழ்த்துகிறார். சிலாக் கணக்கில் மாவை அளந்து பார்த்தவர்கள் இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்று தேடினேன். பலகையில் இல்லை.