உலக நாடாளுமன்றக் கருத்து

நாடுகளுக்கிடையே எழும் பூசல்களைப் போரின்றித் தீர்க்க, எல்லா நாட்டுப் பேராளர்களும் கூடும் நிலையான பொது மன்றம் வேண்டும் என்னும் கருத்து. ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில் திட்டமாக உருவெடுத்தது. இந்தியாவில் விடுதலைக் கோரிக்கையோடு இணைந்து வளர்ந்தது.

பிரான்சின் எமெரிக் குருசே 1623-இல் வெனிஸ் நகரில் தூதர்களின் நிரந்தர அவையை முன்மொழிந்தார். துருக்கி, பாரசீகம், சீனாவுடன் முகலாயப் பேரரசுக்கும் அதில் இடம் தந்தார். அந்தக் காலத்துக்கு இது அரிய பரந்த மனம். 1693-இல் வில்லியம் பென் ஐரோப்பாவுக்கென வரைந்த திட்டம் நடைமுறை நுணுக்கம் மிகுந்தது. வாக்குகள் நாட்டின் செல்வத்தைப் பொறுத்தவை. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. யார் முதலில் நுழைவது என்ற மரியாதைச் சண்டை வராதிருக்க, அவைக்கூடம் வட்டமாகவும் பல வாயில்களோடும் அமைய வேண்டும் என்றார்.

இத்தகைய பொது மன்றமாக 1920-இல் தோன்றிய சர்வதேச சங்கத்தில் இந்தியா தொடக்க உறுப்பினர். வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1921-இல் ஜெனீவா அவைக்குச் சென்றார். ஆனால் பேராளர்களை அனுப்பியது மக்களல்ல, பிரிட்டிஷ் அரசு. அடிமை நாட்டை உறுப்பினராக்கிய அவையின் அடிப்படைக் குறை இதுவே.

அக்குறையை நேரடியாகத் தொட்டது, 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் காங்கிரஸ் நிறைவேற்றிய 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். போராட்ட அழைப்பாகவே அது நினைவுகூரப்படுகிறது. அதன் மற்றொரு பகுதி சுதந்திர நாடுகளின் உலகக் கூட்டாட்சியைக் கோரியது பலருக்கும் தெரியாது. கூட்டாட்சி அமைந்தால் தனித்தனிப் படைகள் தேவைப்படா. பொதுப் பாதுகாப்புப் படையே அமைதி காக்கும் என்றது. இந்திய விடுதலையை அதற்கு முன்படியாக வைத்தது.

1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்கள் ஆற்காடு இராமசாமி முதலியாரும் வி.டி. கிருஷ்ணமாச்சாரியும். அப்போதும் நாடு விடுதலை பெறவில்லை. முதலியார் 1946-இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரானார்.

கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1957-இல் 'உலக சமாதானம்' நூலில் இக்கருத்தைத் தமிழ்க் கவிதையில் எடுத்துரைத்தார். நாடுகள் எல்லைக்காவலை ஐ.நா.விடம் ஒப்படைத்து, படைச்செலவை மக்கள் நலனுக்குத் திருப்ப வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய திட்டம். அத்தகைய மாற்றத்துக்கு ஐ.நா. சாசனத்தின் 109-ஆம் பிரிவே வழி வைத்திருக்கிறது. அதன்படி மறு ஆய்வு மாநாடு கூட்டுவதைப் பொதுச்சபை 1955-இல் கொள்கையளவில் ஏற்றது; மாநாடு இதுவரை கூடவில்லை.