காந்தமும் கழிவு மேடும்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாங்கிய பருப்பை நம் வீட்டுப் பெண்டிர் சல்லடையில் சலிப்பர், சுளகில் புடைப்பர், எஞ்சிய கல்லைக் கண்ணாற் கண்டு பொறுக்குவர். அளவு, எடை, நிறம் ஆகிய மூன்று வேற்றுமைகளே அங்குத் துணை. இம்மூன்றும் கைவிட்டால் செய்வது யாது? மாங்கனீஸ் தாதுவின் வரலாறு இதற்கு விடை கூறும்.

மாங்கனீஸ் இன்றி நல்ல எஃகு இல்லை. அது உருகிய இரும்பிலுள்ள பிராணவாயுவை நீக்கி, கந்தகத்தின் தீமையையும் தடுக்கிறது. இந்தியாவில் இத்தாதுவைத் தோண்டும் தொழில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டினம் மாவட்டத்தில் 1892-ஆம் ஆண்டு வேரூன்றியது. தொழிலாளர் சம்மட்டியால் உடைத்துக் கையால் தேர்ந்த உயர்தரக் கட்டிகள் கப்பலேறின. தரங்குறைந்தவை சுரங்க வாயில்களில் மேடுகளாகக் குவிந்தன.

அம்மேடுகளின் பெருங்குறை இரும்புக் கலப்பு. எஃகாலைக்கு வேண்டிய பெர்ரோ மாங்கனீஸ் செய்யும் தாதுவில், இரும்பைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு மாங்கனீஸ் இருத்தல் வேண்டும். இரு தாதுக்களும் கருமையும் கனமும் உடையன. சுளகும் கண்ணும் அங்குத் தோற்கும்.

1950 நவம்பர் 26-இல் ஜவாஹர்லால் நேரு ஜாம்ஷெட்பூரில் தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்தார். அங்கு நாட்டின் பல பகுதித் தாதுக்கள் ஆராயப்பட்டன. வறுத்துப் பிரித்தல் அங்குப் பயின்ற முறைகளுள் ஒன்று. பொடித்த தாதுவை, ஒடுக்கும் வாயுவில், 500 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வறுப்பர். காந்தத்திற்கு எளிதில் இணங்காத சிவந்த இரும்பு ஆக்ஸைடு, கருநிறக் காந்தக்கல்லாக மாறும். பின்பு வலுக்குறைந்த காந்தமே அவ்விரும்பை ஈர்த்துக்கொள்ளும், மாங்கனீஸ் பின்தங்கும். கலப்பு மணற்கல்லாயின் முறை மாறும்: மிக வலிய காந்தம் மாங்கனீஸையே சிறிது ஈர்த்து, மணலை விட்டுவிடும்.

எனினும் காந்தம் எல்லாம் வல்லதன்று. இந்திய மாங்கனீஸ் தாதுக்களைப் பற்றி 1909-இல் பெருநூல் வெளியிட்ட பெர்மர் என்னும் புவியியலறிஞர், காந்தத்தை வலுவாக நாடும் ஒரு மாங்கனீஸ் கனிமத்தைக் கண்டு, அதற்கு விரெடன்பர்கைட் என்று பெயரிட்டார். அதில் இரும்பும் மாங்கனீஸும் நுண்ணிய இழைகளாகப் பின்னிக் கிடக்கின்றன. அத்தகைய தாதுவில் இரும்பை இழுத்தால் மாங்கனீஸும் உடன் போகும். விசாகப்பட்டினத் தாதுக்களில் மிகுந்துள்ள பாஸ்வரத்தையும் இம்முறை ஒழிப்பதில்லை.

தோண்டிய தாது மீண்டும் முளைப்பதில்லை. ஆதலின் ஒரு குவியலைக் கழிவென்று தள்ளுமுன், அதனுள் எது எதனோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்று ஆராய்வதே, அம்மேடுகள் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்.