ஓடப் பிறந்த நாய்க்கு ஒரு வீடு

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நம் பெயர்பெற்ற நாய்கள் யாவும் தெற்கத்திச் சீமையின் மேட்டுநிலத்தவை. வரப்பும் வாய்க்காலுமான தஞ்சைக்கு அவை விருந்தாளிகளே.

ஜமீன்களும் முயல்வேட்டையும் அவற்றுக்குச் சோறிட்டன. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கியது. இரண்டும் நியாயமே. நாய்களின் பிழைப்பு என்னவாகும் என்றுதான் எவரும் கேட்கவில்லை.

அவற்றைக் காக்கவே 1980களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் அரசு ஓர் இனப்பெருக்கப் பிரிவை அமைத்தது. 2005இல் ராஜபாளையம் அஞ்சல்தலையிலும் ஏறியது. 2016இல், விலங்குநல ஆர்வலர்கள் தொடுத்த வழக்கில், அப்பிரிவை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காப்பதற்கென்றே பிறப்பிக்கப்பட்டவை வீடு தேடி நின்றன.

நாதியற்ற நாய்க்குப் புகலிடம் என்பது பழைய எண்ணம்தான். லண்டனில் 1860இல் மேரி டீல்பி தொடங்கியது இன்றைய பாட்டர்சீ காப்பகம். சென்னையில் புளூ கிராஸ் 1959இல் பிறந்தது. ஓர் இனத்தின் குணமறிந்த தன்னார்வலர்கள் அதற்கேற்ற வீட்டைத் தேடித் தருவதோ சற்றே வேறான காரியம். சோறு போடுவார்களா என்பதோடு, ஓட இடம் உண்டா என்றும் அவர்கள் கேட்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு சிப்பிப்பாறை மூன்றாண்டுகள் திண்ணைத் தூணில் கட்டுண்டு கிடந்தது. தயிர்ச்சோற்றுக்கும் அன்புக்கும் குறைவில்லை. வேறிடம் கொடுப்பதைத் துரோகமென்றே அவ்வீட்டு மாமி நினைத்தார். கடைசியில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவரிடம் மனமில்லாமல் ஒப்படைத்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்த மாமி, "கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தது. பிறகு ஓடிவிட்டது" என்றார்.