கொச்சங்காடியிலிருந்து முசிறிக்கு ஒரு நாள் நடை: ‘ரோமானிய இடிபாடு’ என்று எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

வார இறுதியில் கொச்சிக்குப் போயிருக்கிறீர்கள். சீன வலை முன்னால் செல்ஃபி எடுத்தாச்சு, மட்டாஞ்சேரியில் மசாலா வாங்கியாச்சு. யாரோ சொல்கிறார்கள்: “பக்கத்துலதான் முசிறி. ரோமானியத் துறைமுகம். வழிகாட்டியோட ஒரு நாள் நடந்துட்டு வரலாம்.” உடனே உங்கள் மனதில் தூண்கள், கல்படிகள், பாதி இடிந்த வளைவு எல்லாம் வந்து நிற்கும்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அப்படி எதுவும் அங்கே கிடையாது. நீங்கள் போய்ச் சேரும் இடம் தென்னை, ஜாதிக்காய் மரம், ஓட்டு வீடு, துணி காயும் கொடி என்று இருக்கும் சாதாரண கேரளக் கிராமம். ஆனாலும் போக வேண்டிய இடம்தான். என்ன பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் கொச்சங்காடியில் தொடங்கணும்?

மட்டாஞ்சேரியின் தெற்குப் பக்கம் இருக்கிறது கொச்சங்காடி. செம்பிட்டப் பள்ளி என்ற பழைய மசூதியால் பலருக்குத் தெரியும். இங்குள்ள நைனா குடும்பங்களின் வேர் நம்ம காயல்பட்டினத்தில் இருப்பதாகச் சொல்வதுண்டு. ஆனால் முசிறிக் கதைக்கு வேண்டியது இங்கே இருந்த ஒரு யூத ஜெபாலயம். இன்று அது இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் தப்பி, ஜூ டவுனில் உள்ள பரதேசி ஜெபாலயத்தின் (1568) சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதிலுள்ள எபிரேய ஆண்டு நம் கணக்கில் 1344-45.

அதற்கு மூன்றே ஆண்டுகள் முன்னால், 1341-இல், பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை வண்டல் மூடியது, கொச்சியில் புது முகத்துவாரம் திறந்தது, வணிகர்கள் தெற்கே நகர்ந்தார்கள் என்பது எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதை. தரவு வேலை பார்ப்பவள் என்பதால் ஒரு எச்சரிக்கை: இரண்டு தேதிகள் பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. துறைமுகங்கள் ஒரே இரவில் சாவதில்லை. ஆனால் ‘புதுவைப்பு’ என்று ஓர் ஆண்டுக்கணக்கே 1341-இலிருந்து இப்பகுதியில் எண்ணப்பட்டிருக்கிறது. ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஃபோர்ட் கொச்சியிலிருந்து படகில் வைப்பின் தீவுக்குக் கடந்து, செராய் வழியாக வடக்கு பரவூருக்குப் பேருந்து பிடியுங்கள். அந்த வெள்ளத்தோடு சேர்த்துப் பேசப்படும் தீவு இதுதான். வலதுபுறம் காயல், இடதுபுறம் கடல். நெடுஞ்சாலையில் காரில் போனால் சீக்கிரம் போகலாம். ஆனா இந்த நிலம் எப்படிப்பட்டது என்பதே பிடிபடாது.

பட்டணம் என்ற கிராமம்

பரவூரிலிருந்து கொடுங்கல்லூர் போகும் சாலையில் சில கிலோமீட்டரில் வருகிறது பட்டணம். ஊர் சிறியது, பெயர் மட்டும் பெரியது. தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரே ஒரு துப்பு.

முசிறியைத் தேடியவர்கள் வெகுகாலம் கொடுங்கல்லூரில்தான் தோண்டினார்கள். 1945-லும் பிறகு 1960-களிலும் நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காலப் பொருள் கிடைக்கவில்லை, இடைக்காலப் பொருள்களே கிடைத்தன. பட்டணத்துக்காரர்களோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் கிணறு வெட்டும்போதும் மணிகளையும் பானை ஓடுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 2004-இல் கே.பி. ஷாஜனும் வி. செல்வகுமாரும் சோதனைக் குழி போட்டார்கள். 2007-இலிருந்து கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சில், பி.ஜே. செரியன் தலைமையில், 2015 வரை ஒன்பது பருவங்கள் தோண்டியது.

என்ன கிடைத்தது? மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றி அனுப்பிய ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள். இவற்றில் சிலவற்றின் களிமண்ணில் கருப்பு எரிமலை மணல் கலந்திருக்கிறது. இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை இருக்கும் காம்பானியா மண்ணின் கைரேகை அது. செந்நிற ரோமானியத் தட்டுகளின் துண்டுகள், மேற்காசியாவின் நீலப்பச்சை மெருகு ஓடுகள், கண்ணாடி மணிகள், செதுக்கிய ரத்தினக் கற்கள், மிளகு, சாம்பிராணிக் கட்டி. எல்லாவற்றையும் விட என்னை நிறுத்தி வைப்பது, நீர் தேங்கிய சேற்றில் கிடைத்த சுமார் 6 மீட்டர் நீள அயனி மர வள்ளம். அதன் அருகே செங்கல் படித்துறை, படகு கட்டும் தேக்குக் கட்டைகள்.

ஆனா ஒரு விகிதத்தை மறந்துவிடாதீர்கள். லட்சக்கணக்கில் கிடைத்த ஓடுகளில் மிகப் பெரும்பாலானவை உள்ளூர்க் குயவர்கள் செய்தவை. ரோமானிய ஓடு தலைப்புச் செய்தி ஆகிறது, உள்ளூர்ப் பானை ஆவதில்லை. இது ரோமானியர் கட்டிய ஊர் அல்ல. சேர நாட்டார் கட்டி நடத்திய ஊர். அதற்கு ரோமானியர், அரேபியர், மேற்காசியர் எல்லாரும் வந்து போனார்கள்.

பார்க்க என்னதான் மிச்சம்?

தோண்டிய குழிகளில் பெரும்பாலானவை ஆவணப்படுத்தப்பட்டு மறுபடி மண்ணால் மூடப்பட்டுவிட்டன. இந்த ஈரக் காற்றில், மழையில், செங்கலையும் மரத்தையும் திறந்து போட்டால் சில ஆண்டுகளில் ஒன்றும் மிஞ்சாது. மூடுவதுதான் பாதுகாப்பு. மேடு சுமார் 45 ஹெக்டேர், தோண்டப்பட்டது அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மீதி முழுவதும் குடும்பங்கள் வாழும் வீட்டு மனைகள்.

அதனால்தான் இங்கே வழிகாட்டி அவசியம். அவர் இல்லாமல் போனால் ஒரு தெருவில் நடந்துவிட்டு இளநீர் குடித்துத் திரும்புவீர்கள். அவரோடு போனால் இந்த மனைக்குக் கீழே படித்துறை, அந்தப் பக்கம் மணிகள் கிடைத்த இடம் என்று காலடி மண் அடுக்கடுக்காகத் தெரிய ஆரம்பிக்கும். ஓடு ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாத ஓட்டுக்கு ஆய்வில் பாதி மதிப்பு போய்விடும். அடுத்தவர் வாசலில் நிற்கிறோம் என்பதும் நினைவிருக்கட்டும். கேட்டுவிட்டு நுழையுங்கள்.

நிற்கும் இடிபாடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், செந்தமங்கலத்தில் வைப்பிக்கோட்டை இறையியல் பள்ளியின் சுவர்கள் இருக்கின்றன, கொடுங்கல்லூர்ப் பக்கம் 1523-இல் போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டையின் மிச்சம் இருக்கிறது. இரண்டும் ரோமானியருக்கு ஆயிரத்து சொச்சம் ஆண்டுகள் பிந்தியவை. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த ஏமாற்றம் பழக்கம்தான். அரிக்கமேட்டில் பலர் ‘ரோமானியக் கட்டடம்’ என்று படம் பிடிக்கும் செங்கல் தூண்கள் 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார்களின் இல்லத்தைச் சேர்ந்தவை. அங்கேயும் ரோம் மண்ணுக்கு அடியில்தான் இருந்தது.

பட்டணம்தான் முசிறியா?

வழிகாட்டிச் சேட்டன் “ஆமாம்” என்று அடித்துச் சொன்னால், கொஞ்சம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ‘முசிறி’ என்று பெயர் பொறித்த எதுவும் இங்கே கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் இந்த அடையாளப்படுத்தலைக் கடுமையாக எதிர்த்தார். அகழாய்வு செய்த தரப்போ முசிறியின் ஒரு முக்கியப் பகுதியாக இது இருந்திருக்கலாம் என்கிறது.

பழைய நூல்கள் தரும் குறிப்புகள் இவை. ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்க மாலுமிக் கையேடு, கடலிலிருந்து ஆற்றில் 20 ஸ்டேடியா உள்ளே முசிறி என்கிறது, அதாவது மூன்றரை, நான்கு கிலோமீட்டர். கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நின்றன, சிறு படகுகளில் சரக்கு ஏற்றி இறக்கினார்கள் என்கிறார் பிளினி. அகநானூற்றின் 149-ஆம் பாட்டு, பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப்போகும் யவனர் மரக்கலங்களைப் பெரியாற்றில் காட்டுகிறது. பட்டணத்தின் வள்ளமும் படித்துறையும் இந்தச் சித்திரத்தோடு பொருந்துகின்றன. பியூட்டிங்கர் வரைபடம் என்ற பழைய சாலை வரைபடத்தில் முசிறி அருகே அகஸ்டஸ் கோயில் என்று ஒரு குறி உண்டு. அப்படி ஒரு கோயில் இதுவரை எங்கும் அகப்படவில்லை. ஆறும் கடற்கரையும் இரண்டாயிரம் ஆண்டுகளில் பலமுறை இடம் மாறியிருப்பதால், தூரக் கணக்கை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லவும் முடியாது.

என் கருத்து: பட்டணம் ரோமானிய வணிகத்தில் பங்கெடுத்த துறை என்பதில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. அதுவே முழு முசிறி என்பது இன்னும் கருதுகோள்தான். தகவல் பலகையில் இரண்டும் ஒரே வரியில் எழுதப்படும்போதுதான் பிரச்சினை.

எவ்வளவு பணம் புழங்கியது?

வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது, 1985-இல் பதிப்பிக்கப்பட்டது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் முசிறிப் பயணத்துக்காகப் போட்ட கடன் ஒப்பந்தத்தோடு தொடர்புள்ளது. ஹெர்மபோலோன் என்ற கப்பல் கொண்டுவந்த நறுமணத் தைலப் பொருள், யானைத் தந்தம் ஆகியவற்றின் கணக்கு அதன் பின்பக்கம். அதில் வரும் மதிப்பு 1,154 தாலந்து, 2,852 திராக்மா. ஒரு தாலந்துக்கு 6,000 திராக்மா என்று பெருக்கினால் சுமார் 69 லட்சம் வரும். எகிப்துத் திராக்மாவும் ரோமானிய செஸ்டெர்ஸும் ஏறக்குறைய சமம். அக்காலச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டெர்ஸ். ஒரே கப்பலின் சரக்கில் 5,700-க்கும் மேற்பட்ட சிப்பாய்களுக்கு ஓராண்டுச் சம்பளம்! இறக்குமதிக்கு ரோம் வாங்கிய சுங்கம் 25 சதவீதம்.

இப்போது பிளினியை எடுங்கள். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸை உறிஞ்சுகிறது என்று புலம்பியவர் அவர். மேலே சொன்ன கணக்கில் அது ஏழு கப்பல் சரக்குதான். ஆனால் அவருக்கு முந்தைய ஸ்ட்ராபோ, செங்கடல் துறைமுகம் ஒன்றிலிருந்து மட்டும் இந்தியாவுக்கு 120 கப்பல்கள் கிளம்பியதாக எழுதுகிறார். உதைக்கிறது, இல்லையா? இந்தியச் சரக்கு ரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்றது என்று பிளினியே சொல்கிறார். அவர் சொன்னது இங்கே வந்து சேர்ந்த காசாகவும், ஏடு சொல்வது அங்கே போட்ட மதிப்பாகவும் இருந்தால் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு ‘முசிறியின் ஆண்டு வருமானம்’ என்று சுற்றும் ஃபார்வேர்டுகளை நம்பாதீர்கள். பரவூர் பக்கத்து வள்ளுவள்ளியில் 1983-இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் 252. கையில் எண்ணிப் பார்த்த கணக்கு இது.

கிளம்பும் முன்

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பரவூரும் செந்தமங்கலமும் மூழ்கின, செந்தமங்கலம் நெசவாளர்களின் தறிகள் சேற்றில் போயின. சேறு படிந்த அந்தப் புடவைகளில் செய்த ‘சேக்குட்டி’ பொம்மை இன்னும் கிடைக்கும், வாங்குங்கள். பரதேசி ஜெபாலயத்துக்கு வெள்ளி, சனி சரிப்படாது. முசிறித் திட்டத்தின் அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாகத் திங்கள் விடுமுறை. அதனால் ஞாயிறே நல்லது, என்றாலும் ஒரு போன் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர், சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற செருப்பு போதும்.

பட்டணத்தில் காலை நடையை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் செந்தமங்கலம் ஜெபாலயத்துக்குப் போங்கள். முற்றத்தில் நிற்கும் கல் ஒன்றைத் தவறவிடாதீர்கள். இஸ்ரவேலின் மகள் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் அது. ஆண்டு 1269. காலையில் ஜூ டவுன் சுவரில் பார்த்த கொச்சங்காடிக் கல்லைவிட 75 ஆண்டுகள் மூத்தது, இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையதாகக் கருதப்படுவது. பெரியாற்றங்கரையில் ஒன்று, கொச்சிக் காயலோரம் ஒன்று. நடுவில்தான் 1341.