அசாகோ தகாகுரா: ஜப்பான் மகளிர் கால்பந்தில் ஆட்டக்காரர் பயிற்சியாளரான வரலாறு

ஜப்பான் மகளிர் கால்பந்தைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை 2011 உலகக் கோப்பையையும் அப்போதைய பயிற்சியாளர் நோரியோ சசாகியையும் சுற்றியே நிற்கின்றன. அதில் வியப்பில்லை. ஆண், பெண் இரு பிரிவுகளிலும் சேர்த்து, ஆசிய நாடு ஒன்று மூத்தோர் உலகக் கோப்பையை வென்றது அந்த ஒரு முறைதான். ஆனால் அந்த அணி எந்த மண்ணில் வேர்விட்டது, வெற்றிக்குப் பின் ஏன் தடுமாறியது என்பவற்றை அறிய, சசாகிக்கு அடுத்துப் பொறுப்பேற்ற அசாகோ தகாகுராவின் தடமே கூடுதலாக உதவும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

தகாகுரா 1968இல் ஃபுகுஷிமாவில் பிறந்தவர். அவர் பள்ளிச் சிறுமியாக இருந்த 1979இல்தான் ஜப்பான் மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு உருவானது. அதன் முதல் தேசியப் போட்டியில் பக்கத்துக்கு எட்டுப் பேர் மட்டுமே ஆடினார்கள். பெண்களால் முழு மைதானத்தில் முழு நேரம் ஓட முடியுமா என்ற ஐயம் அமைப்பாளர்களுக்கே இருந்த காலம் அது. ஊரில் பையன்களோடு ஆடிப் பழகிய தகாகுராவுக்கு நடுநிலைப் பள்ளி வயதில் ஆடுவதற்குப் பெண்கள் அணி இல்லை. தோக்கியோவின் எஃப்.சி. ஜின்னான் கிளப்பில் சேர்ந்து, வார இறுதிகளில் சுமார் 270 கிலோமீட்டர் ரயிலில் போய்வந்தார். திறமையைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு எதுவும் அன்று கிடையாது. திறமை இருந்தவர்தான் களத்தைத் தேடிப் போக வேண்டும்.

1984 அக்டோபரில், பதினாறு வயதில், சீனாவில் இத்தாலிக்கு எதிராகத் தேசிய அணிக்கு முதல் முறையாக ஆடினார். மறு ஆண்டு யோமியூரி பெலேசாவில் இணைந்தார். 1989இல் ஆறு அணிகளோடு தேசிய லீக் தொடங்கியபோது பெலேசாவின் நடுக்களம் அவர் கையில் இருந்தது. 1990 முதல் 1993 வரை தொடர்ந்து நான்கு முறை அந்த அணி பட்டம் வென்றது. பின்னாளில் உலகின் சிறந்த வீராங்கனையாக அறிவிக்கப்பட்ட ஹோமாரே சாவா அந்த அணியில் சேர்ந்து வளர்ந்ததும் இதே காலத்தில்தான்.

இங்கே லீக்கின் பொருளாதாரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அணிகள் நிறுவனங்களின் பணத்தில் ஓடின. நோர்வேயின் ஹெகே ரீஸெ, லிண்டா மெடாலன் போன்றோரையே வரவழைக்குமளவு அந்தப் பணம் தாராளமாக இருந்தது. பங்குச்சந்தைக் குமிழி உடைந்து பொருளாதாரம் தளர்ந்தபோது நிறுவனங்கள் முதலில் வெட்டிய செலவுகளில் ஒன்று மகளிர் கால்பந்து. 1996 முதல் 1998 வரை மூன்று முறை தொடர்ந்து சாம்பியனான நிக்கோ செக்யூரிட்டீஸ் அணியே கலைக்கப்பட்டது. பட்டம் வென்றால் அணி பிழைக்கும் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. 1999 உலகக் கோப்பையில் ஜப்பான் ஒரு ஆட்டத்திலும் வெல்லவில்லை. சிட்னி ஒலிம்பிக் வாய்ப்பும் கைநழுவியது. 1991, 1995 உலகக் கோப்பைகளிலும் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் ஆடிய தகாகுராவின் சர்வதேச வாழ்வும் 79 ஆட்டங்களோடு 1999இல் முடிந்தது.

பயிற்சியாளராக அவர் பெயர் பெற்றது இளையோர் பிரிவில். 2014 ஏப்ரலில் கோஸ்டா ரிக்காவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அவரது அணி ஸ்பெயினை 2-0 என்று வென்றது. சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து ஹினா சுகிதாவுக்குக் கிடைத்தது. யுய் ஹசெகாவாவும் அந்த அணியில் இருந்தார். உடல் வலுவில் பின்தங்கிய அணி பந்தை வைத்துக்கொண்டே எதிராளியை ஓடவிட்டுச் சோர்வடையச் செய்யலாம் என்பதற்கு அது நல்ல சான்று. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரைப் பலமுறை ஆண்டின் சிறந்த மகளிர் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தது.

2016 மார்ச்சில் ஒசாகாவில் நடந்த தகுதிச்சுற்றில் ஜப்பான் ஆஸ்திரேலியாவிடமும் சீனாவிடமும் தோற்று, ரியோ ஒலிம்பிக்குக்குப் போக முடியாமல் நின்றது. சசாகி விலகினார். அடுத்த மாதமே தகாகுரா நியமிக்கப்பட்டார். மூத்தோர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் பெண் அவர்தான். வீடு இடிந்த பிறகுதான் சாவி பெண் கையில் தரப்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இளையோர் அணிகளில் அவர் ஈட்டியிருந்த பெயரைப் பார்த்தால், வேறு யாரையும் நியமிப்பதுதான் கடினமாக இருந்திருக்கும்.

முதல் ஆட்டத்திலேயே அமெரிக்க மண்ணில் அமெரிக்காவுடன் 3-3 என்று சமன். அதே ஆண்டின் இறுதியில் பப்புவா நியூ கினியில் நடந்த உலகக் கோப்பையில் 20 வயதுக்குட்பட்டோர் அணியையும் அவரே நடத்தி மூன்றாமிடம் பெற்றார். 2018இல் ஜோர்டானில் ஆசியக் கோப்பையும் பலெம்பாங்கில் ஆசிய விளையாட்டுத் தங்கமும் வந்தன.

அவருடைய பயிற்சியின் உயரமும் குறையும் ஒன்றாகத் தெரிந்த ஆட்டம், 2019 ஜூன் 25 அன்று பிரான்சின் ரென் நகரில் உலகக் கோப்பையில் நெதர்லாந்துக்கு எதிராக நடந்தது. கார்னரிலிருந்து வந்த பந்தை லீகே மார்ட்டென்ஸ் குதிகாலால் தட்டி நெதர்லாந்தை முன்னிலைப்படுத்தினார். இடைவேளைக்குச் சற்று முன் ஜப்பானின் மானா இவாபூச்சி பெட்டிக்கு வெளியே பந்தை வாங்கி, தடுப்பாளர்கள் நெருங்கும்வரை பொறுத்து, பார்க்காமலே உள்ளே நழுவவிட்டார். ஓடிவந்த ஹசெகாவா கோல்கீப்பரைத் தாண்டிச் செருகினார். இரண்டாம் பாதி முழுக்க ஜப்பானுடையது. சுகிதா அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 90ஆவது நிமிடத்தில் நெதர்லாந்தின் மியெடெமா அடித்த பந்து ஜப்பானின் சாக்கி குமாகாயின் கையில் பட, பெனால்டி, மார்ட்டென்ஸ் மீண்டும் கோல், 1-2. அழகாகப் பின்னி முடிச்சிடத் தெரியாத அணி என்ற குறை அன்று எழுந்தது, அதில் உண்மையும் உண்டு. ஆடும் பதினொருவரை அவர் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்ததால், நிலைத்த கூட்டு உருவாகவில்லை என்றே நானும் கருதுகிறேன்.

தோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 30 அன்று, காலிறுதியில் ஸ்வீடனிடம் 1-3 என்று தோற்றதோடு அவரது காலம் முடிந்தது. சொந்த நாட்டில் பதக்கம் எதிர்பார்க்கப்பட்ட போட்டி என்பதால் தீர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனால் பதக்கத்தை மட்டும் வைத்து எடைபோட்டால் ஒன்று விடுபடும். 2023 ஜூலை 31 அன்று வெலிங்டனில் உலகக் கோப்பையில் ஜப்பான், பின்னர் அதே தொடரில் கோப்பையை வென்ற ஸ்பெயினை 4-0 என்று வீழ்த்தியது. அந்தத் தொடரில் ஜப்பானின் நடுக்களத்தை ஹசெகாவா நடத்தினார். சுகிதாவும் அணியில் இருந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கோஸ்டா ரிக்காவில் அவர்களை உருவாக்கியவர் அன்று பயிற்சியாளர் இருக்கையில் இல்லை.

அவர் விலகிய சில வாரங்களில், 2021 செப்டம்பரில், தொழில்முறை மகளிர் லீக்கான 'வீ லீக்' தொடங்கியது. கிளப்பை நடத்தும் நிறுவனத்தின் பணியாளர்களில் பாதிப்பேர் மூன்று ஆண்டுகளுக்குள் பெண்களாக இருக்க வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. தேசிய அணியிலோ நடந்தது வேறு. தகாகுராவின் இடத்துக்கு வந்தவர் ஃபுதோஷி இகேதா. அவர் போன பிறகு 2024 அக்டோபரில் ஓர் ஆட்டத்துக்குத் தற்காலிகமாக நின்றவர் அதே பழைய சசாகி. அந்த ஆண்டு டிசம்பரில் டென்மார்க்கின் நில்ஸ் நீல்சன் நியமிக்கப்பட்டார். மூவரும் ஆண்கள்.