உயரம் வேறு, எடை வேறு: அமெரிக்கக் கால்பந்தில் சிற்றுடல் வைடு ரிசீவர்கள்

அமெரிக்கக் கால்பந்தில் வைடு ரிசீவர் என்பவர் ஆட்டக் கோட்டின் ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் வகுத்துக் கொடுத்த பாதையில் ஓடி, குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர். அவரை மறிப்பதற்கென்றே எதிரணியின் கார்னர்பேக் எதிரே நிற்கிறார். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் இந்த இடத்துக்கு வருகிறவர்கள் பொதுவாக ஆறடி உயரமும் 200 பவுண்டு, அதாவது 90 கிலோ அளவில் எடையும் உள்ளவர்கள். 2012இல் ஒரே பருவத்தில் 1,964 யார்டு எடுத்த கால்வின் ஜான்சனின் உயரம் 6 அடி 5 அங்குலம். ஓடும் வேகம் குறையாமல் அந்த உயரமும் கிடைத்தால் எந்தப் பயிற்சியாளரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆனால் அப்படிப்பட்டவர்கள் அரிது. 5 அடி 10 அங்குலத்தைத் தாண்டாதவர்களும் 180 பவுண்டுக்குக் கீழே நிற்பவர்களும் ஆண்டுதோறும் டிராஃப்ட் என்ற தேர்வுக்கு வருகிறார்கள். இவர்களை நம்பலாமா என்று ஸ்கவுட்டுகள் ஆண்டுதோறும் விவாதிக்கிறார்கள்.

அந்த விவாதத்தில் இரண்டு வெவ்வேறு குறைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. உயரக் குறைவு ஒன்று, எடைக் குறைவு மற்றொன்று. லீக்கின் வரலாற்றைப் பார்த்தால் உயரக் குறைவு பெரிய தடையாக இருந்ததில்லை. எடைக் குறைவு மட்டும் இன்றும் மெய்யான தடையாகவே இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வாதம்.

உயரம் குறைந்த ரிசீவர்கள் புதிய வரவு அல்ல. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்காக 1957 முதல் ஆடிய டாமி மெக்டொனால்டின் உயரம் 5 அடி 9 அங்குலம்தான். 1960இல் அந்த அணி கோப்பை வென்றபோது அதன் முதன்மை ரிசீவர்களில் அவர் ஒருவர். 495 முறை பந்து பிடித்து அதில் 84 முறை டச்டவுன், அதாவது இலக்குக் கோட்டைத் தாண்டிய புள்ளி, எடுத்தவர். ஏறக்குறைய ஆறு பிடிக்கு ஒரு டச்டவுன் என்ற இந்த விகிதம் எந்தக் காலத்திலும் வியப்புக்குரியது. 1998இல் அவர் லீக்கின் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 1982 பருவத்தில் வாஷிங்டன் அணியின் உயரமான ரிசீவர் ஆர்ட் மங்க் காயத்தால் விலக, 5 அடி 7 அங்குல ஆல்வின் காரெட் அந்த இடத்துக்கு வந்தார். டெட்ராய்ட்டுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் மூன்று டச்டவுன், பிறகு சூப்பர் பவுல் இறுதியிலும் ஒன்று என்று கணக்கை முடித்தார். அந்த இறுதியில் தோற்ற மயாமி அணி அடுத்த இரண்டே ஆண்டுகளில் டேன் மரீனோவின் கையில் இரண்டு சிற்றுருவ ரிசீவர்களை ஒப்படைத்தது. மார்க் டூப்பர், மார்க் கிளேட்டன் இருவரும் 5 அடி 9 அங்குலம். 1984இல் மரீனோ 5,084 யார்டும் 48 டச்டவுனும் எறிந்தபோது, அவற்றில் 18 டச்டவுனைக் கிளேட்டன் மட்டுமே பிடித்தார். இருவரும் தலா 1,300 யார்டுக்கு மேல் எடுத்தார்கள்.

மயாமியின் அந்த வெற்றிக்கு விதிமாற்றமும் துணை நின்றது. 1978இல் லீக் கொண்டுவந்த விதிப்படி, ஆட்டக் கோட்டிலிருந்து ஐந்து யார்டுக்கு அப்பால் தடுப்பாளர் ரிசீவரை இடித்து நிறுத்தக் கூடாது. அதற்கு முன் பாதை நெடுகிலும் இடித்துத் தடுக்க நிறையவே இடம் இருந்தது. 2004 பருவத்திலிருந்து இந்த விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த நடுவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. உடல் பலத்தால் பாதையைக் காத்துக்கொள்ள வேண்டிய தேவை இப்படிப் படிப்படியாகக் குறைந்தது. ஐந்து யார்டைக் கடந்துவிட்டவனுக்குத் தோள் அகலத்தை விடக் கால் விரைவே துணை.

ஆகவே எல்லாம் அந்த முதல் ஐந்து யார்டில் இருக்கிறது. கார்னர்பேக் ரிசீவரின் மார்புக்கு நேரே, ஒரு கை நீள இடைவெளியில் நிற்கிறார். ஆட்டம் தொடங்கிய நொடியில் இரு உள்ளங்கைகளையும் ரிசீவரின் மார்பில் ஊன்றி நிறுத்தப் பார்க்கிறார். உயரமான ரிசீவருக்கு மார்பும் விலாவும் பரந்த இலக்கு. குட்டையானவர் முழங்காலை மடித்துத் தோளைத் தாழ்த்தினால் இலக்கு சுருங்கிவிடுகிறது. ஒரு காலை இடப்பக்கம் வைத்து எதிராளியின் இடுப்பைத் திருப்பிவிட்டு, வந்த கையைத் தட்டி வலப்பக்கம் நழுவும் வித்தை அவர்களுக்கு இயல்பாக வருகிறது. அடுத்த சாதகம் பாதை திரும்பும் இடத்தில் கிடைக்கிறது. முழு வேகத்தில் ஓடி வந்து சட்டென நின்று திரும்ப, உடலின் எடைமையம் தரைக்கு அருகில் இருப்பது நல்லது. உயரமானவருக்கு வேகத்தை அடக்க இரண்டொரு அடி கூடுதலாக வேண்டியிருக்கிறது. அதற்குள் தடுப்பாளர் நெருங்கிவிடுகிறார்.

இதைப் பாடப்புத்தகம் போல் காட்டியவர் ஸ்டீவ் ஸ்மித். 5 அடி 9 அங்குலம், ஏறத்தாழ 185 பவுண்டு. 2001 டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் கரோலினா பாந்தர்ஸ் அவரை எடுத்தது. 2004இன் முதல் ஆட்டத்திலேயே கால் முறிந்து அந்தப் பருவம் வீணாயிற்று. மறு ஆண்டு திரும்பி வந்து 103 பிடி, 1,563 யார்டு, 12 டச்டவுன் எடுத்தார். மூன்று கணக்கிலும் லீக்கில் அவரை யாரும் மிஞ்சவில்லை. 1970இல் இரு லீக்குகள் இணைந்த பிறகு அவருக்கு முன் அதைச் செய்தவர்கள் ஜெர்ரி ரைஸும் ஸ்டெர்லிங் ஷார்ப்பும் மட்டுமே, இருவரும் ஆறடிக்காரர்கள். 2006 ஜனவரியில், அந்தப் பருவத்தில் மிகக் குறைந்த புள்ளிகளே விட்டுக்கொடுத்த சிகாகோ பேர்ஸ் அணியை அதன் சொந்தக் களத்தில் கரோலினா சந்தித்தது. பந்து ஆட்டத்துக்கு வந்த இரண்டாவது முறையிலேயே ஸ்மித் 58 யார்டு டச்டவுன் எடுத்தார். அவரை மறித்த ஆறடி தாண்டிய சார்லஸ் டில்மன் புல்லில் வழுக்கி விழுந்ததும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் மீதி ஆட்டத்தில் யாரும் வழுக்கியதால் பந்து வரவில்லை. முடிவில் ஸ்மித்தின் கணக்கு 12 பிடி, 218 யார்டு, இரண்டு டச்டவுன்.

ஸ்மித் ஓரத்தில் நின்று ஆடியவர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் சிற்றுருவ ரிசீவருக்கு ஸ்லாட் என்ற உள்நிலைதான் பொருத்தம் என்ற கருத்து வேரூன்றியிருக்கிறது. ஸ்லாட்டில் நிற்பவர் ஓர ரிசீவருக்கும் லைன்மேன்களுக்கும் இடையில், ஆட்டக் கோட்டிலிருந்து ஓரடி பின்வாங்கி நிற்கிறார். எதிராளியின் கை உடனே எட்டாது. இரு பக்கமும் திரும்ப இடம் உண்டு. இந்த இடத்தின் மதிப்பை உயர்த்தியவர் வெஸ் வெல்கர். 2004 டிராஃப்டில் ஒரு அணியும் அவரைச் சீண்டவில்லை. 2007இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு வந்தபின் ஆறு பருவங்களில் 672 பந்துகளைப் பிடித்தார். அவற்றில் ஐந்து பருவங்களில் நூறைத் தாண்டினார். அதே அணியில் அவருடைய இடத்தை எடுத்துக்கொண்ட ஜூலியன் எடெல்மன் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர்; 2009இல் 232ஆவது ஆளாகத் தேர்வானவர். அட்லாண்டாவுக்கு எதிரான சூப்பர் பவுலில், தடுப்பாளர் தட்டிவிட்ட பந்து மூவரின் கால்களுக்கிடையே விழும்போது, தரைக்கு ஓரிரு அங்குலம் மேலே விரல்களை நுழைத்து அவர் பிடித்த காட்சியை இந்த விளையாட்டைப் பார்ப்பவர் யாரும் மறக்கவில்லை. 28–3 என்று பின்தங்கியிருந்த அணி 34–28 என்று வென்ற ஆட்டம் அது. 2019 பிப்ரவரி சூப்பர் பவுலில் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் எடெல்மன் பெற்றார்.

எதிர்வாதம் டச்டவுன் கணக்கிலிருந்து வருகிறது. இலக்குக் கோட்டருகே இடம் குறுகிவிடும். உயர எறிந்து எட்டிப் பிடிக்க வைப்பதே அங்கே வழி. அதற்குக் குட்டையானவர் உதவமாட்டார் என்பது அந்த வாதம். வெல்கர் 903 பிடிக்கு 50 டச்டவுன் எடுத்தார், ஜான்சன் 731 பிடிக்கு 83. எண்கள் வாதத்துக்கு வலுச் சேர்ப்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் ஓரத்தில் ஆடிய அன்டோனியோ பிரவுனின் உயரம் 5 அடி 10 அங்குலம். 2010இல் 195ஆவது ஆளாகத் தேர்வான அவரும் 928 பிடிக்கு அதே 83 டச்டவுன் எடுத்திருக்கிறார். மெக்டொனால்ட், கிளேட்டன் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் வெல்கரின் குறைவுக்கு அவர் ஆடிய இடமே பெரிய காரணம். ஸ்லாட்டில் ஐந்தாறு யார்டுக்குள் பந்தை வாங்குவதே அவருக்கு இட்ட பணி. டச்டவுன் அந்தப் பணியின் பகுதியே அன்று. மேலும் ஸ்லாட் சிற்றுருவத்தாரின் தனிச்சொத்து என்பதும் இப்போது பொய்த்துவிட்டது. 2021இல் 1,947 யார்டு எடுத்த கூப்பர் கப் 6 அடி 2 அங்குலம். பெரும்பாலும் ஸ்லாட்டிலிருந்தே ஆடினார்.

வென்றவர்களின் பட்டியலை மட்டும் அடுக்கி முடிவு சொல்வது ஆய்வாகாது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஒவ்வோர் அணியும் 90 பேரிலிருந்து 53 பேராகச் சுருங்குகிறது. ரிசீவர்களுக்கு அதில் ஐந்தாறு இடம்தான். அங்கே கழிக்கப்பட்ட சிற்றுருவத்தாரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டும் சோபிக்காதவர்கள் உண்டு. 2013இல் எட்டாவது ஆளாக எடுக்கப்பட்ட டாவன் ஆஸ்டின் 5 அடி 8 அங்குலம், 174 பவுண்டு, மின்னல் வேகக்காரர். ஆனாலும் ஒரு பருவத்திலும் ரிசீவராக 600 யார்டைத் தொடவில்லை. 2017இல் 40 யார்டை 4.22 விநாடியில் ஓடிச் சாதனை படைத்த ஜான் ராஸ், சராசரிக்குச் சற்றே சிறிய உடலினர். ஒன்பதாவது ஆளாகத் தேர்வாகியும் முதல் பருவத்தில் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. நேர்கோட்டு வேகத்தை மட்டும் நம்பி உயரக் குறைவை மன்னித்த அணிகள் இப்படி ஏமாந்திருக்கின்றன. ஸ்மித்தும் பிரவுனும் வென்றது திரும்பும் இடத்தில் கிடைத்த இடைவெளியால். அதை 40 யார்டு கடிகாரம் அளப்பதில்லை.

கழிக்கப்படாமல் தப்பியவர்களுக்கு ஒரு பொது வாசல் இருந்திருக்கிறது. எதிரணி உதைத்து அனுப்பும் பந்தை வாங்கித் திருப்பி ஓடும் வேலையே அது. ஸ்மித் 2001இலும், இன்னொரு சிற்றுருவ ரிசீவரான டைரீக் ஹில் 2016இலும் முதல் பருவத்திலேயே நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானது இந்த வேலைக்காகத்தான். பிரவுன் தொழில்முறை ஆட்டத்தில் முதன்முதலில் தொட்ட பந்தையே 89 யார்டு ஓடி டச்டவுனாக்கினார். 2010 டிசம்பரில் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராக, ஆட்டத்தின் கடைசி முறையில் சிற்றுருவ ரிசீவர் டிஷான் ஜாக்சன் பந்தைத் தவறவிட்டு, மறுபடி பொறுக்கி, 65 யார்டு ஓடி வென்று கொடுத்ததும் இவ்வகையே. 53 பேரில் ஒருவராக நீடிக்க இந்த வேலை காரணமாகிறது. ரிசீவராகத் தேற இரண்டு மூன்று ஆண்டு அவகாசமும் கிடைக்கிறது. 2011இல் தொடக்க உதை 35 யார்டுக் கோட்டுக்கு நகர்த்தப்பட்டதிலிருந்து திருப்பி ஓடும் வாய்ப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. 2024இன் புதிய முறை அதை ஓரளவு மீட்டிருக்கிறது.

இனி எடை. மேலே சொன்ன வெற்றியாளர்களில் பெரும்பாலோர் குட்டையானவர்களே தவிர இலேசானவர்கள் அல்லர். ஸ்மித், வெல்கர், பிரவுன், ஹில் எல்லாரும் 185 பவுண்டை ஒட்டியவர்கள். எடெல்மன் 200ஐ நெருங்கியவர். அந்த உயரத்துக்கு அது திரண்ட கட்டுடல். 170 பவுண்டுக்குக் கீழே வந்தால் பட்டியல் மெலிந்துவிடுகிறது. 166 பவுண்டுடன் 2019இல் முதல் சுற்றில் தேர்வான மார்க்கீஸ் பிரவுன் 2021இல் 1,008 யார்டு எடுத்தார். டூட்டூ ஆட்வெல் 160 பவுண்டுக்கும் குறைவாக 2021இல் இரண்டாம் சுற்றில் வந்தவர். 2024 வரை ஒரு பருவத்திலும் 600 யார்டைத் தாண்டவில்லை. 165 பவுண்டு சேவியர் வொர்த்தி 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் 157 யார்டும் இரண்டு டச்டவுனும் எடுத்தார். ஆனால் அவற்றில் முதல் டச்டவுன் வந்தபோதே அவருடைய அணி 34–0 என்று பின்தங்கியிருந்தது. இந்த வரிசையில் உறுதியான விதிவிலக்கு டெவொன்டா ஸ்மித். கல்லூரி ஆட்டத்தின் ஹைஸ்மன் விருதாளரான அவர் 2021இல் பத்தாவது ஆளாகத் தேர்வானபோது எடை 170 பவுண்டைத் தாண்டவில்லை. 2022இல் 1,196 யார்டு, 2023இல் 1,066 யார்டு எடுத்தார். அவரோ ஆறடி உயரக்காரர். உயரமும் எடையும் வெவ்வேறு அளவுகள் என்பதற்கு அவரும் ஒரு சான்று.

எடை குறைந்தவருக்குக் காயம் அதிகம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இதைக் கவனமாகவே ஏற்க வேண்டும். பத்து மாதத்துக்குள் மூன்று முறை மூளை அதிர்ச்சிக்கு ஆளான வெல்கரும், 2005இல் அதே காரணத்தால் ஆட்டத்தை விட்ட ரிசீவர் வேய்ன் கிரெபெட்டும் களத்தின் நடுவே பந்து பிடித்து வாழ்ந்தவர்கள். அங்கே ஆடும் எவருக்கும் அந்த ஆபத்து உண்டு. ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் டேங்க் டெல் 5 அடி 8 அங்குலம், 165 பவுண்டு. 2023இல் மூன்றாம் சுற்றில் தேர்வாகி, முதல் பருவத்திலேயே 709 யார்டும் ஏழு டச்டவுனும் எடுத்த அபாரமான ஆட்டக்காரர். அந்த டிசம்பரில் அவர் கால் முறிந்தது பந்து பிடிக்கும்போது அல்ல. பந்துடன் ஓடும் சக ஆட்டக்காரருக்காக இலக்குக் கோட்டருகே எதிராளிகளை மறித்து நின்றபோது, விழுந்த உடல்களின் கீழ் அவருடைய கால் சிக்கிக்கொண்டது. 2024 டிசம்பரில் டச்டவுன் பந்தைப் பிடிக்கையில் சொந்த அணிக்காரருடன் மோதி முழங்கால் சிதைந்தது. அந்த மோதலில் யாருக்கும் அது நேர்ந்திருக்கலாம். முதல் காயம் அப்படியன்று. எடை குறைந்தவருக்குப் பந்து பிடிப்பதில் இல்லாத இடர், மறிக்கும் வேலையில் இருக்கிறது.

மறிக்கும் முறைகளில் அவரை வெளியே உட்கார வைக்கலாம். அப்படிச் செய்தால் அவர் களத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் பந்து எறியப்படப் போகிறது என்று எதிரணி கணித்துவிடும். எனவே அவரை எல்லா முறைகளிலும் களத்தில் வைத்துக்கொண்டே இடி படாமல் காக்க வேண்டியிருக்கிறது. 2023இல் பயிற்சியாளர் மைக் மெக்டேனியலின் மயாமி அணி இதற்கு ஒரு வழி காட்டியது. ஆட்டம் தொடங்கும் கணத்தில் ஒரே ஒரு ஆட்டக்காரர், முன்னோக்கிச் செல்லாமல், பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்க விதி இடம் தருகிறது. ஹில் இலேசானவர் அல்லர்; ஆனாலும் மயாமி அவரை அப்படி ஓட விட்டது. பந்து கைமாறும்போதே அவர் வேகம் பிடித்திருப்பார். எதிரே நின்று மார்பில் கை வைக்கத் தடுப்பாளருக்கு அவகாசம் இராது. அந்தப் பருவத்தில் ஹில் 119 பிடியில் 1,799 யார்டு எடுத்து லீக்கில் முதலிடம் பெற்றார்.